வாங்டியில் டவர் நட்ட காலம்

மின் டிரான்ஸ்மிஷன் லைன் வேலையில் இருப்பவர்கள் மலையை மலையாகப் பார்ப்பதில்லை. இந்த முகட்டிலிருந்து அந்த முகட்டுக்கு எத்தனை மீட்டர், நடுவில் கம்பி எவ்வளவு தொய்யும், டவர் காலுக்கு அடியில் பாறையா மண்ணா, சாமானோடு கோவேறு கழுதை அதுவரை ஏறுமா, இவ்வளவுதான் யோசனை. பூட்டானுக்கு நானும் இந்த யோசனையோடுதான் போனேன். வாங்டி போத்ராங் மாவட்டம். புனாட்சாங்சூ ஆற்றில் இந்தியாவின் மானியத்திலும் கடனிலும் இரண்டு பெரிய புனல்மின் திட்டங்கள் நடந்துகொண்டிருந்த இடம். எங்களுடையது அதே பள்ளத்தாக்கில் ஒரு சின்ன லைன். ஒப்பந்த நிறுவனத்தின் சைட் இன்ஜினியர் நான்.

போன புதிதில் சீனியர் ஒருவர் சொன்னார்: "இங்க மலை வேலையைக் கெடுக்காது தம்பி, பேப்பர்தான் கெடுக்கும்." பாதிதான் சரி. மலையும் கெடுக்கும். 1,200 மெகாவாட் புனாட்சாங்சூ-1 திட்டத்தில் 2013-இல் அணைக்கட்டின் வலது கரை மலை நகர ஆரம்பித்து, வேலை வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்குக் காற்று. வாங்டியில் மதியத்துக்கு மேல் ஆற்றுப் பக்கமிருந்து ஒரு காற்று கிளம்பும். ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தால் அது உங்களுக்கு முன்னால் கேம்ப் போய்ச் சேரும். அதனால் கம்பி இழுக்கிற வேலையெல்லாம் காலையோடு சரி. தலைமை அலுவலகத்துக்கு இது புரியவே புரியாது. அங்கே அவர்கள் டீ குடித்துவிட்டு போன் பண்ணும்போது இங்கே அரை மணி நேரம் கூடுதலாக ஓடியிருக்கும், காற்றும் வந்திருக்கும்.

பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன். நமக்குப் பட்டா மாதிரி அங்கே த்ராம். பதிவு திம்புவில் உள்ள தேசிய நில ஆணையத்திடம் இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு 25 ஏக்கர் உச்சவரம்பு. நெல் விளைகிற நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. போதாததற்கு, நாட்டின் பரப்பில் குறைந்தது 60 சதவீதம் என்றைக்கும் காடாக இருக்க வேண்டும் என்று 2008 அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நிஜத்தில் காடு அதைவிட அதிகம். பனிமலை, செங்குத்துச் சரிவு, ஆறு எல்லாம் போக, ஏர் ஓட்டக்கூடிய பூமி கைப்பிடி அளவுதான் மிஞ்சும். அந்தக் கைப்பிடியில்தான் நாங்கள் போய் டவருக்கு இடம் கேட்கிறோம்.

சர்வே முடிந்ததும் எங்கள் ஆட்கள் வழக்கப்படி வீட்டு ஆண்களைத் தேடுவார்கள். அவர்களும் வெண்ணெய் டீ கொடுத்து, பொரி கொடுத்து, வரைபடத்தை நிதானமாகப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் கடைசியில், "வீட்டம்மாவைக் கேளுங்க" என்பார்கள். மேற்கு, மத்திய பூட்டானில் பெரும்பாலும் நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறவர். த்ராமில் இருப்பது பாட்டி பெயரோ அம்மா பெயரோ. கையெழுத்து அவர்களுடையது வேண்டும், அதுவும் ஒப்பந்தத்தில் லீகல் ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேலேயே.

ஒரு பாட்டியை மறக்க முடியாது. டவரின் இரண்டு கால் அவர் படிவயலில் விழுந்தது. பேத்தி ஒப்பந்தத்தை வாசித்து வாசித்துச் சொல்ல, அவர் தரையில் சம்மணம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பிக்கு அடியில் நாற்று நடலாமா? நடலாம். மாடு மேயலாமா? மேயலாம். அப்படியானால் அந்த வால்நட் மரம்? அங்கேதான் சிக்கல். எங்கள் கணக்குப்படி 220 கேவி (கிலோவோல்ட்) லைன் என்றால் 35 மீட்டர் அகலத்துக்குப் பாதை விட வேண்டும், உயரமான மரம் எதுவும் உள்ளே நிற்கக் கூடாது. மரத்துக்கு அரசு நிர்ணயித்த நஷ்டஈடு உண்டு என்று விளக்கினோம். பாட்டி தொகையைக் கேட்கக்கூட இல்லை. ஸ்டாம்பைப் பேத்தியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போய்ப் பசுவுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்துவிட்டார்.

நம் பக்கம் இப்படி நடந்தால் அடுத்து யார் யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அங்கே வந்தது ஊர்க்கூட்டம். கெவோக் என்பது நம் பஞ்சாயத்து போல, அதன் தலைவர் கூப். நாடு முழுக்க 205 கெவோக். கூப், கிராமப் பிரதிநிதி, காட்டிலாகாக்காரர், மின்துறையிலிருந்து ஓர் இளம் இன்ஜினியர், எல்லோரும் உட்கார்ந்து அந்த ஒரு மரத்தைப் பற்றி அரை நாள் பேசினார்கள். யாரும் பாட்டியை வற்புறுத்தவில்லை, எங்களையும் திட்டவில்லை. மின்துறை இன்ஜினியர் கோயம்புத்தூரில் படித்தவர். "அண்ணா, அவங்க கேட்டுட்டாங்க, ஒரு வழி பார்க்கலாம் லா" என்றார். மரியாதைக்கு எதற்கும் ஒரு 'லா' சேர்க்கிற பழக்கம் அங்கே உண்டு. அவர் தமிழிலும் சேர்ப்பார். கடைசியில் பக்கத்து டவர் இரண்டுக்கும் 6 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு உயர்த்தினால் கம்பி மரத்துக்கு மேலாகப் போய்விடும் என்று கணக்கு வந்தது. இரும்புச் செலவை யார் ஏற்பது என்று நானும் தலைமை அலுவலகமும் மின்னஞ்சலில் அடித்துக்கொண்டது தனிக் கதை.

கூட்டத்துக்கு நடுவே டோமா வரும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு. காவிரிக்கரைக்காரனான எனக்கு இதில் என்ன புதுசு இருக்கப்போகிறது என்றுதான் வாயில் போட்டேன். ஊறவைத்துப் புளித்த பச்சைப் பாக்கு. வாசனை ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு நிமிஷத்தில் காது மடல் சூடாகி, நெற்றியில் வேர்த்து, மார்பு படபடத்தது. கூப் சிரித்துக்கொண்டே தண்ணீர் தள்ளினார். எந்த அதிகாரியின் மேஜையிலும் கோப்புக்குப் பக்கத்தில் அந்தச் சிறு டப்பா இருக்கும். அவர் அதைத் திறந்து உங்கள் பக்கம் நீட்டினால் வேலை நடக்கும் என்று அர்த்தம். கையெழுத்து இன்றைக்கே ஆகும் என்று அர்த்தம் இல்லை.

காட்டு அனுமதி, சுற்றுச்சூழல் அனுமதி எல்லாம் காகிதத்தில் வாங்கிவிடலாம். லு என்கிற நாக தேவதையிடம் எப்படி வாங்குவது? ஊற்றடியிலும் பெரிய மரத்தடியிலும் சின்னதாக வெள்ளையடித்த மாடம் ஒன்று இருக்கும். நம் ஊர் அரசமரத்தடி நாகர் சிலை மாதிரிதான். அந்த இடத்தைத் தோண்டினால் வீட்டில் சொறி, கொப்புளம் வரும் என்பது நம்பிக்கை. ஒரு டவர் குழி ஊற்றுக்கு மிக அருகில் விழுந்தது. லாமா வந்து பூஜை செய்து, ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்த பிறகுதான் கடப்பாரை விழ வேண்டும் என்றார்கள். நல்ல நாள் பதினைந்து நாள் தள்ளி வந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்டு வந்த கடிதத்துக்கு 'உள்ளூர் நிர்வாகத்தின் ஒருங்கிணைப்பு நிலுவையில்' என்று பதில் எழுதினேன். பொய் என்று சொல்ல முடியாது. பூஜை அன்றைக்கு உள்ளூர் நிர்வாகத்திலிருந்து ஆள் வந்திருந்தார்.

ஒரு விடுமுறையில் அந்த மின்துறை இன்ஜினியர், நம் கோவைக்காரர், என்னைப் போப்ஜிக்காவுக்குக் கூட்டிப் போனார். அதே மாவட்டம்தான். கடல்மட்டத்துக்குச் சுமார் 2,900 மீட்டர் மேலே, குளிரில் விறைக்கிற சதுப்புப் பள்ளத்தாக்கு. திபெத்திலிருந்து கருங்கழுத்துக் கொக்குகள் அக்டோபர் கடைசியில் வந்து மார்ச் வாக்கில் திரும்பும் இடம். பறவைகள் கம்பியில் அடிபடக்கூடாது என்று அங்கே மின்சாரத்தை மண்ணுக்கு அடியில் கேபிளாகக் கொண்டுபோயிருக்கிறார்கள். என் தொழிலில் இருக்கிற எவனும் முதலில் செலவைத்தான் யோசிப்பான். நானும் யோசித்தேன். மலைப்பகுதியில் பூமிக்கடியில் கேபிள் போடுவது என்பது மேலே கம்பி இழுப்பதைப்போல பல மடங்கு செலவு பிடிக்கும், பழுது வந்தால் தோண்டித்தான் பார்க்க வேண்டும். "கொக்கு இருக்கிற சதுப்புக்கு மட்டும் கேபிள், மீதிக்குக் கம்பம் என்று போட்டிருக்கலாமே" என்றேன். "அண்ணா, கொக்கு எங்க இறங்கும்னு கொக்குதான் முடிவு பண்ணுது" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஆனந்தக் கணக்கெடுக்கிற நாடாயிற்றே, எல்லாம் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் உருக வேண்டாம். அதே நிலக் காகிதம் அங்கே வேறு மாதிரியும் வேலை செய்திருக்கிறது. 1988 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தெற்கு மாவட்டங்களின் நேப்பாளி பேசும் மக்களிடம், 1958-இல் இங்கே இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். முப்பது வருஷத்துக்கு முந்தைய வரி ரசீதைப் பெட்டியில் வைத்திருந்தவர் குடிமகன், தொலைத்தவர் இல்லை. அதற்குப் பின் நடந்தவற்றில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கிழக்கு நேப்பாளத்தின் முகாம்களில் போய் விழுந்தார்கள். 2007-க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோரை அமெரிக்காவும் மற்ற நாடுகளும் ஏற்றுக்கொண்டன. எங்கள் ஜீப் டிரைவர் தெற்கத்திக்காரர். இந்தப் பேச்சு எழுந்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவார். ஒரு வால்நட் மரத்துக்காக அரை நாள் உட்கார்ந்து பேசத் தெரிந்த நிர்வாகம், அந்த ரசீது விஷயத்தில் ஏன் உட்காரவில்லை என்ற கேள்வி எனக்கு இன்னும் போகவில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. 2013-இல் மொங்கர் மாவட்ட நீதிமன்றம், கெல்போஷிங் மனை ஒதுக்கீட்டு வழக்கில், பதவியில் இருந்த நாடாளுமன்ற சபாநாயகரையும் உள்துறை அமைச்சரையுமே குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. வழக்கைத் தோண்டியது அங்குள்ள ஊழல் தடுப்பு ஆணையம். அலுவலகங்களில் இதை வியப்பாகவும் கொஞ்சம் பெருமையாகவும் பேசிக்கொண்டார்கள். நிலம் சின்னது, ஆட்கள் குறைவு, யார் எந்த மனையை எப்படி வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாவட்ட அலுவலகம் பற்றி ஒரு வார்த்தை. வாங்டி ஜோங் என்ற கோட்டை 1638-இல் கட்டியது, 2012 ஜூன் மாதம் எரிந்துபோனது. நான் இருந்தபோது இந்திய அரசின் உதவியோடு அதை மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜோங் என்றால் பாதியில் துறவிகள், பாதியில் நிர்வாகம். அது இல்லாமல் தற்காலிகக் கட்டடத்தில் இயங்கிய மாவட்ட நிர்வாகத்தைப் பார்த்த கையோடு வேறொரு மாவட்டத்து ஜோங்குக்கும் ஒரு வேலையாகப் போனேன். உள்ளூர் ஆண்கள் கப்னே என்கிற வெள்ளை மேல்துண்டைத் தோளில் போட்ட பிறகுதான் வாசல் தாண்டுகிறார்கள். மந்திர ஒலி ஒரு பக்கம் கேட்க, மறுபக்கம் குமாஸ்தா உங்கள் கோப்பைத் தேடுகிறார். இரண்டு இடத்திலும் கோப்பு ஒரே வேகத்தில்தான் நகர்ந்தது.

எங்கள் லைன் முடியும் தறுவாயில் கோவைக்காரர் ராஜினாமா கொடுத்தார். ஆஸ்திரேலியாவில் பெர்த் போகிறாராம். மனைவிக்குப் படிப்பு விசா, இவருக்கு ஏதாவது கிடங்கில் இரவு வேலை. அந்தச் சம்பளம் இங்கே வாங்குவதைப்போல பல மடங்கு என்றார். அவர் துறையில் மட்டும் இல்லை, ஆசிரியர்கள், நர்ஸ்கள், குமாஸ்தாக்கள் என்று வரிசையாகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவருடைய அம்மாவின் நிலம் கிழக்கே இருக்கிறது. உழ ஆளில்லை, காட்டுப்பன்றி புகுந்து மேய்கிறது, சோலார் வேலி போட என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டார். கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் இடத்துக்கு வந்தவர் கெட்டிக்காரப் பெண். கோப்பை முதல் பக்கத்திலிருந்து படித்தார். எக்ஸ்டென்ஷன் போட்ட இரண்டு டவருக்கு விரலை வைத்து, ஒப்பந்தத்தில் இல்லாத 6 மீட்டர் ஏன் என்று கேட்டார். வால்நட் மரம் என்றேன். அது எங்கே எழுதியிருக்கிறது என்றார். எங்கேயும் இல்லை. சரி என்று மறுபடி கூப் அலுவலகத்துக்குக் கிளம்பினோம், டோமா டப்பாவோடு.