சைக்கிள் டைனமோவுக்குள் என்ன இருக்கிறது

அப்பாவின் பழைய சைக்கிளில் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவைப் போன வாரம் கழற்றிப் பார்த்தேன். உள்ளே நடுவில் சுழலும் ஒரு காந்தம், அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். தலையிலுள்ள சின்ன உருளை டயரில் உரசிச் சுற்ற, காந்தத்தின் வட முனையும் தென் முனையும் சுருளை மாறி மாறிக் கடக்கின்றன; இப்படிக் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருப்பதால்தான் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது, 1831-ல் ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடே கண்டறிந்தது இதைத்தான். காந்தம் சும்மா நின்றால் ஒன்றும் வராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொன்று. விளக்கு எரியும்போது பெடல் கனக்கும் இல்லையா? அது வெறும் உரசல் மட்டுமில்லை. சுருளில் மின்சாரம் ஓடியதும் சுருளே ஒரு காந்தமாகி, சுழலும் காந்தத்தை எதிர்க்கிறது. அந்த எதிர்ப்பை மீறி நம் கால் மிதிக்கிற மிதிதான் வெளிச்சமாகிறது. விளக்குக் கம்பியைக் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

அனல் மின் நிலையத்திலும் இதே வேலைதான். காலுக்குப் பதில் நீராவி, நிரந்தரக் காந்தத்துக்குப் பதில் மின்காந்தம். அது நிமிடத்துக்கு 3000 முறை, அதாவது நொடிக்கு 50 முறை சுற்றுவதால்தான் நம் வீட்டு மின்சாரமும் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது; இதைத்தான் 50 ஹெர்ட்ஸ் என்கிறோம். வீட்டில் நாம் ஃபேன் போட்டால், எங்கோ நீராவி சுழற்றும் ஒரு டர்பைனும் துளி கனக்கிறது.