ஒரு விரல் நிழல்

வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை ஒரு படம். கூரை மேல் சோலார் பேனல், அதன் குறுக்கே விரல் தடிமனுக்கு ஒரு கம்பத்தின் நிழல்.

"பத்து வீட்டுக்குப் பொதுவா போட்டது. தினமும் காலையில கரண்ட் பாதிதான் வருது. பேனல் போச்சா?"

போச்சு என்றுதான் நானும் நினைத்தேன்.

முகம் தெரியாத ஒருவர் அந்த நிழலை மட்டும் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பி அனுப்பி விளக்கினார்: பேனலில் வெயிலை மின்சாரமாக்கும் சின்னக் கட்டங்களான செல்கள் மணிமாலை மாதிரி வரிசையாகக் கோத்தவை. ஒன்றில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுக்க மின்னோட்டம் குறையும். மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தரும் பைபாஸ் டையோடு என்ற பாகம் அந்த வரிசையை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஓடவிடும், அவ்வளவுதான்.

கம்பத்தை நகர்த்தினார்கள். கொஞ்ச நேரத்தில் "சரியாயிடுச்சு" என்று மீட்டர் படம்.

1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் செல், விழுந்த வெயிலில் சுமார் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. இப்போது கூரைகளில் ஏறும் புதிய பேனல்கள் 20-ஐத் தாண்டுகின்றன. விலையும் நன்றாக இறங்கிவிட்டது. ஆனால் விற்றவர் போனை எடுக்க வேண்டுமே!

குழுவில் அடுத்த படம் வந்துவிட்டது: பேட்டரி முனையில் பச்சையாய்ப் பூத்திருக்கிறது. யாரோ ஏற்கெனவே டைப் செய்துகொண்டிருக்கிறார்.