துப்பாக்கி போச்சு, உறை இருக்கிறது

தாத்தாவின் ‘நம்பு’ என்ற ஜப்பானியக் கைத்துப்பாக்கி எங்கள் வீட்டில் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1948இல் மலாயாவில் அவசரகாலம் வந்து, உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு என்றானதும், பாட்டி அதைத் தோட்டத்துக் கக்கூஸ் குழியில் போட்டுவிட்டார். தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். மிஞ்சியது தோல் உறை மட்டும். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பட்டர்வொர்த் அடுக்குமாடி வரை பாட்டியோடு வந்து, பெரியம்மா கை மாறி, இப்போது என்னிடம்.

கைக்கு வந்ததும் நான் பார்த்தது அதன் அழகை இல்லை, உள் பைகளை. நம்பு 14ஆம் வகைத் துப்பாக்கியில் சுடும் ஊசி அடிக்கடி உடையும் என்பதால், உறைக்குள்ளேயே மாற்று ஊசிக்கு ஒரு சின்னப் பை தைத்திருப்பார்கள். முன்பக்கப் பை தோட்டாவுக்கு. மலேசியச் சட்டத்தில் துப்பாக்கியின் உதிரிப் பாகமும் ஆயுதம்தான். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமமில்லாத துப்பாக்கிக்கு 14 ஆண்டு வரை சிறை, கூடவே பிரம்படி. ஊசிப் பை காலி. தோட்டாப் பையில் பாட்டியின் அலமாரிச் சாவிகள். உங்கள் வீட்டுப் பரணில் துப்பாக்கியே கிடைத்தால் தொடாதீர்கள், காவல் நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டும் போகாதீர்கள். போன் போட்டு அவர்களை வரச் சொல்லுங்கள்.

சரி, உறைக்கு வருவோம். மூடி ஆமை ஓடு மாதிரி வளைந்து கெட்டியாக இருக்கும். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்தில் தோல் கிடைக்காமல் ரப்பர் பூசிய கித்தானில் செய்தார்கள். எங்களுடையது தோல். மூடியின் உட்புறம் மங்கிய மை முத்திரை. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் ஆண்டு தெரிகிறது: ஷோவா 19. ஷோவா என்பது ஜப்பானியர் அப்போது வைத்திருந்த ஆண்டுக் கணக்கு, அதோடு 1925ஐக் கூட்ட வேண்டும். அதாவது 1944.

இங்கேதான் வீட்டில் சண்டை. 1943இல் தாத்தா நேதாஜி படையில் சேர்ந்தபோது ஒரு ஜப்பானிய அதிகாரி பரிசாகக் கொடுத்தது என்பது மாமா நாற்பது வருடமாகச் சொல்லும் கதை. 1944இல் செய்த உறையை 1943இல் எப்படிக் கொடுப்பது? அந்தப் படையினர் கையில் இருந்ததும் பெரும்பாலும் ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த ஆயுதங்கள்தான். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, செப்டம்பர் 3ஆம் தேதி ஆங்கிலேயப் படை பினாங்கில் இறங்கியது. இடைப்பட்ட அந்தக் குழப்பத்தில் தோட்டத்துக் கெராணியான (எழுத்தரான) தாத்தா எங்கோ கண்டெடுத்திருப்பார் என்பது என் ஊகம். “முத்திரை பொய் சொல்லாதா?” என்கிறார் மாமா. சொல்லலாம், போலி உறைகளும் சந்தையில் நிறைய உண்டு. ஆனால் பாட்டி அலமாரியில் கிடந்ததற்கு யார் போலி செய்யப்போகிறார்கள்?

பினாங்கின் லோரோங் குலிட் சந்தையில் பழைய சாமான் விற்கும் ஒரு தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) படத்தைக் காட்டினேன். எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிக் கொண்டு வந்தால் நல்ல விலை தருவதாகச் சொன்னார். நான் அதைச் செய்யவே மாட்டேன். எண்ணெய் தோலைக் கறுக்க வைக்கும், நாள்பட இறுகும், பூஞ்சையைக் கூப்பிடும். எல்லாவற்றுக்கும் மேலாக அந்த முத்திரை போய்விடும். முத்திரை போனால் அது வெறும் பழைய தோல் பை, மாமாவின் கதைக்கும் பதில் சொல்ல ஆளில்லை.

ஓரங்களில் தொட்டால் விரலில் சிவப்புத் தூள் ஒட்டுகிறது. மரப்பட்டைச் சாயத்தில் பதனிட்ட தோல், காற்றிலுள்ள கந்தக வாயுக்களை இழுத்து அமிலமேறி இப்படி உதிரும். உதிர்ந்ததைத் திருப்ப முடியாது. ஹைட்ராக்சிபுரொபைல் செல்லுலோஸ் என்ற பசை போன்ற பொருளை ஆல்கஹாலில் கரைத்துத் தடவி, மேலும் உதிராமல் பிடித்து வைக்கலாம். மை கரைந்துவிடுமோ என்ற பயத்தில் முத்திரைப் பக்கம் அதைக் கொண்டுபோகவில்லை. பித்தளைக் குமிழைச் சுற்றி மெழுகு போலப் பச்சையாகத் திரண்டிருந்தது, தோலிலுள்ள கொழுப்பு செம்போடு சேர்ந்து வருவது. பல்குச்சியால் கிளறி, உலர்ந்த பஞ்சால் துடைத்தேன். தண்ணீர் படவே கூடாது.

பெரிய எதிரி நம்ம ஊர் காற்றுதான். ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினாலே பூஞ்சை பிடிக்கும், இங்கே சாதாரண நாளிலேயே 80ஐத் தொடுகிறது. கேமராவுக்கு விற்கும் உலர் அலமாரி ஒன்று வாங்கி 50இல் வைத்திருக்கிறேன். ரொம்பக் குறைத்தால் தோல் வெடிக்கும்.

உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் வடிவம் அமுங்கிவிடும். அக்கா மகன் இணையத்தில் பொம்மை நம்பு ஒன்றைப் பார்த்துவிட்டு, “அத வாங்கி உள்ள வச்சிரலாமே சித்தி” என்றான். இந்த நாட்டில் போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம், நானே போலீசுக்குச் சொல்லிவிடுவேன் என்றேன். இப்போது உள்ளே இருப்பது அமிலமில்லாத தாளில் சுற்றிய பஞ்சு.