சோப்பில் சுழி விழப் பதம்தான் முக்கியம்

நீளப் பெட்டி அச்சில் ஊற்றிய சோப்பைத் துண்டு போடும்போது ஒவ்வொரு துண்டிலும் ஒரு தனிச் சுழி தெரியும். அது கரண்டியைச் சுழற்றும் கைவேலையால் வருவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், கரண்டி உள்ளே போவதற்கு முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடும். கலவையை எந்தப் பதத்தில் ஊற்றினோம் என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம். வெல்லப்பாகு கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் அதிரசம் கெடுகிறதே, அதே கதைதான் இங்கேயும்.

இதில் சொல்வது காஸ்டிக் சோடா கரைசலையும் எண்ணெயையும் அடுப்பில் ஏற்றாமல் கலக்கும் கோல்ட் பிராசஸ் முறை. வெள்ளையும் நீலமும் சேர்ந்த இரண்டு நிறச் சோப்பை எடுத்துக்கொள்வோம்.

முதலில் அச்சை அளக்க வேண்டும். உள்பக்க நீளம், அகலம், ஊற்றப்போகும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, வரும் எண்ணை 0.7ஆல் பெருக்கினால் தேவையான எண்ணெயின் எடை ஏறக்குறைய கிராமில் கிடைக்கும். 25 × 8 × 6.5 என்றால் 1300. அதற்கு 900 கிராம் எண்ணெய் போதும். மர அச்சாக இருந்தால் உள்ளே பட்டர் பேப்பரைச் சுருக்கமில்லாமல் விரிக்க வேண்டும். சுருக்கம் விழுந்த இடமெல்லாம் சோப்பில் வரியாகப் பதியும். சிலிக்கான் அச்சுக்குக் காகிதம் வேண்டாம், ஆனால் பக்கவாட்டில் பிதுங்காமல் இருக்க இரண்டு பக்கமும் கனமான எதையாவது அண்டை கொடுக்க வேண்டும்.

900 கிராமுக்கான கணக்கு: ரீஃபைண்ட் ஆலிவ் எண்ணெய் 405, தேங்காய் எண்ணெய் 270, பாமாயில் 180, விளக்கெண்ணெய் 45 கிராம். காஸ்டிக் சோடா 128 கிராம், தண்ணீர் 256 கிராம். இதில் 5 சதவீத எண்ணெய் சோப்பாக மாறாமல் மிஞ்சும்படி காஸ்டிக் குறைக்கப்பட்டிருக்கிறது, தோல் வறளாமல் இருக்க. ரேஷன் கடைப் பாமாயிலே போதும். ஆனால் பாக்கெட்டில் போட்டிருப்பது லிட்டர், நமக்கு வேண்டியது கிராம். எல்லாவற்றையும் டிஜிட்டல் தராசில் நிறுத்துத்தான் எடுக்க வேண்டும், தண்ணீரையும் சேர்த்து.

ஆலிவ் விலை அதிகம், அதற்குப் பதில் தேங்காய் எண்ணெயையே கூட்டிக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கை மாற்றாமல் கூட்டக் கூடாது. 270 கிராம் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 49 கிராம் காஸ்டிக்கைக் கேட்கும். அதே எடை ஆலிவ் எண்ணெய்க்கு 36 கிராம் சொச்சம் போதும். ஓர் எண்ணெயை மாற்றினாலும் மொத்தக் கணக்கையும் திரும்பப் போட வேண்டும். சுழிக்கு ஆலிவ் தேவைப்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு: அது மெதுவாக இறுகும், கைக்கு நேரம் கொடுக்கும். பிழிந்த சக்கையிலிருந்து எடுக்கும் பாமஸ் ஆலிவ் மட்டும் வேண்டாம். அதன் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் வெள்ளை மங்கிவிடும், நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்துவிடும்.

காஸ்டிக் வேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் அல்லது கெட்டியான பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் குடுவைதான். அலுமினியம் கூடவே கூடாது. காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். ஈயம் பூசிய பாத்திரமும் துத்தநாகம் பூசிய வாளியும் ஆகாது. தண்ணீரில்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, காற்றோட்டமான இடம் இவ்வளவும் இல்லாமல் டப்பாவைத் திறக்காதீர்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கவே கூடாது. தோலில் பட்டால் வினிகரைத் தேடாமல் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

கரைசல் கைபொறுக்காத சூட்டுக்குப் போகும். அது ஆற வேண்டும். எண்ணெயும் கரைசலும் 32 முதல் 38 டிகிரிக்குள் இருக்கும்போது கலப்பது நல்லது. சென்னை வெயில் காலத்தில் அறையே அந்தச் சூட்டில்தான் இருக்கும், கரைசல் குடுவையைக் குளிர்ந்த தண்ணீர்த் தட்டில் வைத்தால் சீக்கிரம் ஆறும். மார்கழியில் இதற்கு நேர்மாறான பிரச்சினை. 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைய ஆரம்பிக்கும். கலவை கெட்டியானது போலத் தெரியும், ஆனால் அது சோப்பு ஆகிற கெட்டி இல்லை, கொழுப்பு உறைந்த கெட்டி. ஊற்றிய பிறகு சூடேறி எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கும்.

இப்போது பதம். ஹேண்ட் பிளெண்டரைச் சாய்த்து இறக்கி, தட்டி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிவிட்டு மூன்று நொடி ஓட்டுங்கள். நிறுத்தி, அதையே கரண்டியாக வைத்துக் கைவிசையில் கலக்குங்கள். மறுபடி மூன்று நொடி. இப்படி நான்கைந்து முறையில், மேலே மிதந்த எண்ணெய்க் கோடுகள் மறைந்து கலவை முழுக்க ஒரே நிறமாகிவிடும். அப்போது தூக்கி விட்டால் மோர் போல ஓடும், மேலே தடம் நிற்காது. அங்கேயே பிளெண்டரை எடுத்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம் கெட்டியாகட்டுமே’ என்று இன்னொரு சுற்று ஓட்டுவதில்தான் பாதிச் சுழிகள் போய்விடுகின்றன. நிறம் கலக்கும்போது தானாகவே இறுகும், வாசனை சேர்த்தால் இன்னும் இறுகும். அந்த இரண்டுக்கும் இடம் விட்டு நிறுத்துவதுதான் கணக்கு.

நிறங்களை முன்கூட்டியே குழைத்து வைத்திருக்க வேண்டும். வெள்ளைக்கு எண்ணெயில் கலக்கும் ரக டைட்டானியம் டையாக்சைடு ஒரு டீஸ்பூன், நீலத்துக்கு அவுரிச் செடியிலிருந்து எடுத்த சாய நீலப்பொடி அரை டீஸ்பூன். இரண்டையும் மொத்த அளவிலிருந்து எடுத்த ஒவ்வொரு மேசைக்கரண்டி எண்ணெயில் தனித்தனியாகக் கட்டியில்லாமல் குழைக்கவும். நாட்டு மருந்துக் கடையில் தலைமுடிக்கென்று விற்கும் அவுரிப் பொடி காய்ந்த இலையின் பச்சைத் தூள், அதில் இந்த நீலம் வராது. இலையை ஊறவைத்துப் பிரித்தெடுத்த சாய நீலம்தான் வேண்டும். பீட்ரூட், செம்பருத்தி இவற்றின் நிறமெல்லாம் காஸ்டிக்கில் பழுப்பாகிவிடும், ஆசைப்பட வேண்டாம்.

வாசனைக்கு லாவண்டர் எண்ணெய் 25 கிராம். அது கலவையை அவசரப்படுத்தாது. கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் சில நிமிடத்திலேயே கலவையைக் கல்லாக்கிவிடும். பூ வாசனை எசன்ஸ் பலவும் அப்படித்தான். எலுமிச்சைப்புல் எண்ணெய் நல்ல வாசம்தான், வெள்ளையை மஞ்சளாக்கிவிடும். வெனிலா வாசனை நாளாக ஆகப் பழுப்பாகும். புது எசன்ஸை முதல் முறையாகச் சுழிச் சோப்பில் சோதிக்காதீர்கள். அது பொருந்தாமல் போனால் கலவை அரிசி நொய் மாதிரி திரிந்துவிடும். அந்த நிலையில் சுழியை மறந்துவிட்டு, கரண்டியால் அள்ளி அச்சில் அடைத்து அழுத்தித் தட்டுவதுதான் வழி. சோப்பு குளிக்க நன்றாகவே இருக்கும்.

வாசனை சேர்த்த கலவையை 60க்கு 40 என்று இரண்டு குடுவையில் பிரிக்கவும், பெரியது வெள்ளைக்கு. நிறத்தைக் கரண்டியால் கலக்கவும், பிளெண்டர் வேண்டாம். இப்போது இரண்டும் நீர்த்த தோசை மாவுப் பதத்தில், ஒன்றுக்கொன்று சமமாக இருக்க வேண்டும். ஒன்று நீர்த்தும் மற்றது கெட்டியாகவும் இருந்தால் கெட்டியானது கீழே திட்டாக உட்காரும், கோடு விழாது.

அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரம் வெள்ளையை ஊற்றுங்கள். பிறகு நீலக் குடுவையை முக்கால் அடி உயரத்தில் பிடித்து, அச்சின் நீளவாக்கில் மெல்லிய தாரையாக ஒரு கோடு விடுங்கள். உயரத்திலிருந்து விழும் தாரை வெள்ளையைத் துளைத்து அடிவரை போகும். அடுத்து வெள்ளையில் ஒரு கோடு, இடம் மாற்றி. மேலே வர வர குடுவையைத் தாழ்த்திக்கொண்டே வர வேண்டும். இல்லாவிட்டால் எல்லா நீலமும் அடியிலேயே சேரும், மேல்பாதி வெறும் வெள்ளையாக நிற்கும்.

இவ்வளவிலேயே நல்ல சுழி வரும். இன்னும் வேண்டுமென்றால் துணி மாட்டும் ஹேங்கர் கம்பியை அச்சின் உள்நீளத்துக்குச் சமமாக வளைத்து, மேல் தோலில் இன்னும் தடம் நிற்காத நிலையிலேயே, ஒரு நீளப் பக்கச் சுவரை ஒட்டி அடிவரை இறக்குங்கள். பிறகு மேலே, குறுக்கே, கீழே என்று மறுபக்கச் சுவர் வரைக்கும் மூன்று நான்கு வளையம் போட்டு எடுத்துவிடுங்கள். கம்பி நீளவாக்கில் கிடந்தபடி அகலவாக்கில் நகர்வதால், குறுக்கே வெட்டும் ஒவ்வொரு துண்டிலும் அந்த வளையம் முழுசாகத் தெரியும். கரண்டியை அச்சின் நீளத்துக்கு முன்னும் பின்னும் இழுத்தால் அந்த உழைப்பு துண்டில் தெரியாது. ஐந்தாவது, ஆறாவது வளையம் போட்டால் நீலமும் வெள்ளையும் கலந்து சாம்பல் நிறக் குழம்பாகிவிடும்.

நீளப் பெட்டியில் சோப்பு ஒரே பாளமாக இருப்பதால் நடுப்பகுதி அதிகம் சூடேறும். நடு மட்டும் சூடேறி ஓரம் ஆறிவிட்டால், துண்டின் நடுவே கருத்த வட்டம் ஒன்று தெரியும், சுழியின் அழகே போய்விடும். ஒன்று, அச்சை டவலால் சுற்றி மூடி முழுவதும் ஒரே சூட்டில் இருக்கவிட வேண்டும். அல்லது ஃபிரிட்ஜில் வைத்துச் சூடே ஏறாமல் தடுக்க வேண்டும். வெயில் காலத்துக்கு இரண்டாவதுதான் நல்லது. சூடு மிஞ்சினால் மேல்பகுதி வெடிக்கும், வெள்ளைப் பகுதியில் கண்ணாடி நரம்பு போன்ற கோடுகள் ஓடும். தண்ணீரைக் காஸ்டிக்கின் எடையைப் போல இரண்டு பங்கோடு நிறுத்தியதற்கு அந்தக் கோடுகளைக் குறைப்பதும் ஒரு காரணம். மேலே வெள்ளையாகப் பூத்தால் அது சோடா சாம்பல், கெடுதல் இல்லை. ஊற்றியவுடன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்து மூடினால் குறையும்.

ஒரு நாள் கழித்து, விரலால் அழுத்தினால் பனீர்க் கட்டி போல நிற்கிறதா என்று பார்த்து எடுக்கவும். ஒட்டினால் இன்னொரு நாள் விடவும். வெட்டும்போது பாளத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து மெல்லிய கம்பியால் வெட்ட வேண்டும். நிமிர்த்தி வைத்து மேலிருந்து வெட்டினால் மேற்பரப்பு அலங்காரம் கீழ் வரை இழுபட்டுக் கோடு போடும். 2.5 சென்டிமீட்டர் கனத்தில் பத்துத் துண்டு வரும். முதல் நாள் வெட்டு முகம் மங்கலாகத்தான் இருக்கும், சில நாள் காய்ந்ததும் ஓரத்தை மெல்லச் சீவினால் கோடுகள் தெளிந்துவிடும். துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல், நிழலில், காற்றுப் படும்படி நான்கிலிருந்து ஆறு வாரம் அடுக்கி வையுங்கள். கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் சோப்பின் மேல் முத்து முத்தாக வியர்க்கும். அதில் இருக்கும் கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால்தான். துடைத்துவிட்டு ஃபேன் காற்றில் வைத்தால் போதும்.