கடைசி இலக்கம்

ஜூன் 3, செவ்வாய்

ஏ ஷிஃப்ட் முடிந்து இரண்டேகாலுக்கு வெளியே வந்தேன். சிமென்ட் ஆலைக்குள் நுழையும் முன் சைடிங், அதாவது மெயின் லைனிலிருந்து பிரிந்து ஆலைக்கு வரும் தண்டவாளம், ஒரு வளைவு எடுக்கும். அந்த வளைவுக்கு நேராக, வேலிக்கு வெளியே ஒரு மண்மேடு. கேமராவோடு நான் நிற்பது அங்கேதான். வெயில் உச்சியில் இருந்ததால் படம் எடுக்க லாயக்கில்லாத நேரம். ஆனாலும் ஹாரன் கேட்டபின் நடையைக் கட்ட மனம் வரவில்லை.

நிலக்கரி ரேக், அதாவது ஒரே தொடராகக் கோத்த வேகன்கள். முன்னால் ஒரு டீசல், பின்னால் 58 திறந்த வேகன். எண்ணிவிட்டேன். சைடிங்குக்குள் நடக்கிறவன் வேகம்தான், அதனால் எண்ணுவது சிரமமில்லை. ஒவ்வொன்றிலும் எழுபது டன் என்று வைத்தாலும் மொத்தம் நாலாயிரம் டன்.

லேபில் வேலை பார்ப்பவனுக்கு இந்த நாலாயிரம் டன் என்பது ஒரு பிளாஸ்டிக் பையில் வரும் சாம்பிள். அதை அரைத்து, சலித்து, பங்கு போட்டு, கடைசியில் ஒரு கிராம் எடுத்து மஃபிள் ஃபர்னஸ் என்ற உலையில் 815 டிகிரியில் எரித்து, மிஞ்சும் சாம்பலை எடை போட்டு எழுதினால் என் பாடு முடிந்தது. பல வருஷம் அப்படியே போய்விட்டது. அந்த ஒரு கிராமுக்குப் பின்னால் அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளமாக ஒரு வண்டி நிற்கிறது என்பதைத் தெரிந்துதான் வைத்திருந்தேன், பார்த்ததில்லை. போன வருஷம் கேமரா வாங்கியபின்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

இன்று எடுத்ததில் பாதி வீண். கருப்பு வேகன்கள் ஃப்ரேமை அடைத்து நின்றால் கேமரா ‘இருட்டாக இருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வானம் வெள்ளைத் தாளாகிவிட்டது. வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து வைத்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரிந்த பாடம், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் படிக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

வீட்டில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வேகனின் எண் பாதியில் நிற்கிறது. பக்கவாட்டுத் தகடு ஓட்டை விழுந்து, அதன்மேல் உள்ளங்கை அகலத் துண்டு வைத்து வெல்டிங் அடித்திருக்கிறார்கள். அந்தத் துண்டு கடைசி இலக்கத்தை விழுங்கிவிட்டது. தெரிவது 2207123846. அதற்கப்புறம் துரு.

இந்திய வேகன் எண்ணில் 11 இலக்கம். முதல் இரண்டு வேகனின் வகை, அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது, ஐந்தாவதும் ஆறாவதும் செய்த வருஷம், பிறகு நான்கு அந்த வேகனுக்கே உரியது. கடைசி ஒன்று சரிபார்ப்பு எண். மழையிலும் இருட்டிலும் நின்று எண்ணைக் குறிப்பவர் ஒரு இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் காட்டிக்கொடுப்பது இதுதான். ஐரோப்பாவில் 12 இலக்கம், அங்கேயும் கடைசி ஒன்றுக்கு இதே வேலைதான், கணக்கு மட்டும் வேறு.

ஆக, மறைந்த இலக்கத்தைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். இரட்டை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டு: 2, 7, 2, 8, 6. இருபத்தைந்து. மூன்றால் பெருக்கு, எழுபத்தைந்து. ஒற்றை இடங்களில் 2, 0, 1, 3, 4. பத்து. மொத்தம் எண்பத்தைந்து. அடுத்த பத்தின் மடங்கு தொண்ணூறு, அதற்கு இன்னும் ஐந்து வேண்டும்.

ஐந்து. அப்படியானால் 2012-இல் செய்த வேகன், கடைசி இலக்கம் ஐந்து. யார்டு ஆபீஸில் லிஸ்ட் இருக்கும், கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். கேட்கவில்லை. எண் வேகனின் மறுபக்கத்திலும் இருக்கும். அதை என் கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

செக்யூரிட்டியிடம் மாட்டினேன். மேட்டில் நின்றுதான் எடுத்தேன், ஆனால் லென்ஸ் ஆலைப் பக்கம் திரும்பியிருந்தது. “என்ன சார் எடுக்கறீங்க, காட்டுங்க” என்றார் புதிதாக வந்திருக்கும் காவலர். காட்டினேன். பேக் ஹவுஸும் ப்ரீஹீட்டர் கோபுரமும் தெரிந்த மூன்று படங்களை அவர் கண்முன்னாலேயே அழித்தேன். அவர் வேலையை அவர் செய்கிறார், எனக்குக் கோபமில்லை. அழித்ததில் ஒன்று நன்றாக வந்திருந்தது, அதுதான் வருத்தம்.

மாலையில் நானே போய் செக்யூரிட்டி ஆபீஸரைப் பார்த்தேன். உள்ளே கேமரா கூடாது, கேட் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே மேட்டில் நிற்கலாம், ஆலைக் கட்டடம் ஃப்ரேமில் வரக்கூடாது, தண்டவாளத்துப் பக்கம் இறங்கவே கூடாது. எழுதிக் கொடுங்கள் என்றார், எழுதிக் கொடுத்தேன். புகைபோக்கியைப் பின்னால் வைத்து வளைவில் ரயில் திரும்பும் ஒரு படம் மனதில் இருந்தது. அது போயிற்று.

ஜூன் 19, வியாழன்

பி ஷிஃப்ட். சாம்பிள் எடுக்க டிப்ளருக்குப் போனேன். கேமரா இல்லாததால் நன்றாகப் பார்த்தேன்.

வேகனை ஒவ்வொன்றாகப் பிரித்து மேடைக்குள் தள்ளுகிறார்கள். மேலிருந்து கிளாம்ப் இறங்கி வேகனின் விளிம்பைப் பிடிக்கிறது. அப்புறம் மேடை, தண்டவாளம், வேகன் எல்லாம் சேர்ந்து பக்கவாட்டில் கவிழத் தொடங்கும். முதலில் ஒன்றும் விழாது. பாதி சாய்ந்த பிறகுதான் ஓரத்தில் கொஞ்சம் சரியும், அடுத்த நொடி மொத்தமும் ஒரே சத்தமாகப் போய்விடும். நாம் நிற்கும் இரும்புத் தளம் காலுக்குக் கீழே உறுமுகிறது. தூசியை அமுக்க நாலு பக்கமும் தண்ணீர் பீய்ச்சுகிறது, அதனால் வருவது புகை அல்ல, கருப்புச் சாரல். தலைகீழாக நிற்கும் வேகனின் சக்கரங்கள் மேலே தெரிகின்றன. நான்கு அச்சு, எட்டுச் சக்கரம், வயிற்றுப்பக்கம் முழுக்க பிரேக் கம்பிகள். ரயிலில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், அடிப்பாகத்தை இப்படி அண்ணாந்து பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

காலியான வேகன் நிமிர்ந்ததும் மேலே கிளம்புவதுபோல ஒரு குலுக்கல். பாரம் இறங்கியதும் ஸ்பிரிங்குகள் எழும்பிவிடும்.

சாம்பிள் ஈரமாக இருந்தது. ஈரம் கூடினால் எரிய வேண்டிய வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரைக் காய்ச்சப் போய்விடும். சூளையில் கிளிங்கர், அதாவது அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டி, உருவாக 1450 டிகிரி வேண்டும், அங்கே இருப்பவர்கள் என்னைத்தான் கேட்பார்கள்.

ஜூன் 28, சனி

விடுமுறை. காலை ஆறிலிருந்து மேட்டில். எட்டேமுக்காலுக்கு வந்தது.

மெயின் லைனில் மின்கம்பி உண்டு, சைடிங்கில் கிடையாது. டிப்ளரும் கிரேனும் இருக்கும் இடத்தில் தலைக்குமேல் கம்பி கட்ட முடியாது. ஸ்டேஷனில் மின்சார எஞ்சின் கழன்று டீசல் மாட்டிக்கொண்டுதான் உள்ளே வரும். மின்சார எஞ்சின்காரர்களுக்கு இது தொல்லை, எனக்கு லாபம்.

இன்று வந்தது ஆல்கோ வழி எஞ்சின், டபிள்யூ.டி.ஜி.3ஏ. வளைவைத் தாண்டுவதற்கு முன்பே சத்தத்தில் தெரிந்துவிட்டது. சும்மா நிற்கும்போதும் அதன் துடிப்பு ஒரே சீராக இருக்காது, நொண்டி ஓடும் குதிரைபோல ஏறி இறங்கும். டபிள்யூ.டி.ஜி.4 அப்படியில்லை, அதில் இருப்பது அமெரிக்க ஈ.எம்.டி.யின் 710 ரகம், டூ ஸ்ட்ரோக், சத்தம் தாழ்ந்த முனகலாக ஒரே கோட்டில் போகும். முதல் ரகத்தை அமெரிக்காவில் வடிவமைத்த ஆல்கோ கம்பெனி 1969-இலேயே எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது. அதன் நொண்டல் நம் பக்கம் இன்னும் கேட்கிறது.

பேனிங் முயன்றேன், எஞ்சின் தெளிவாகவும் பின்னணி மட்டும் கலங்கியும் வர. ஷட்டர் 1/30, எஞ்சினோடு சேர்ந்து உடம்பைத் திருப்ப வேண்டும். நடை வேகத்தில் வரும் வண்டிக்கு 1/30 போதாது, பின்னணி கலங்கவே இல்லை. 1/8-க்கு இறக்கினேன், இப்போது நானே கலங்கினேன். இருபத்திரண்டு படம், இருபத்திரண்டும் டெலீட்.

அந்த வேகன் இல்லை.

ஜூலை 9, புதன்

ஒன்றும் வரவில்லை. மூன்று மணி நேரம். மழைக்கு ஒதுங்க இடமில்லை. பயணிகள் ரயிலுக்கு டைம் டேபிள் உண்டு, சரக்குக்குக் கிடையாது என்பது இன்று நன்றாகப் புரிந்தது.

ஆகஸ்ட் 2, சனி

தண்டவாளத்தில் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் அண்ணனோடு வேலியோரம் பேசிக்கொண்டிருந்தேன். காலி ரேக் கிளம்பத் தயாராக நின்றது. “பேசாம இருங்க தம்பி, கேளுங்க” என்றார். எஞ்சின் பக்கத்தில் ‘ஷ்ஷ்’ என்று ஒன்று, அப்புறம் அடுத்த வேகனில், அப்புறம் அதற்கடுத்ததில். பிரேக் விடுகிறது. குழாயில் காற்று அழுத்தம் ஏறினால் பிரேக் விடும், இறங்கினால் பிடிக்கும். ரயில் நடுவில் அறுந்தாலும் காற்று வெளியேறித் தானாகவே நிற்கும் என்பதற்காக இப்படித் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். அந்த மூச்சு எங்களைத் தாண்டிப் பின்னாலே போய்த் தேய்ந்தது.

பிறகு எஞ்சின் இழுத்தது. கப்லிங்குகளின் இடைவெளி ஒவ்வொன்றாக இறுகி, ‘டம் டம் டம்’ என்று ஒரு இடி வண்டியின் வாலுக்கு ஓடியது. நிற்கிற வேகனுக்கு நடுவில் ஏன் குனிந்து போகக்கூடாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம். எஞ்சின் அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் அசையும், நம் தலைக்குமேல் இருப்பது முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு அடி நகரும்.

போகும் வண்டியில் ஒன்று மட்டும் ‘டக், டக், டக்’ என்று அடித்தது. சக்கரத்தில் தட்டை விழுந்திருக்கிறது என்றார். பிரேக் விடாமல் பிடித்த சக்கரம் உருளாமல் இழுபட்டுத் தேய்ந்தால் ஓரிடம் தட்டையாகிவிடும், அப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் தண்டவாளத்தை அடிக்கும். வாக்கி டாக்கியில் கார்டிடம் சொன்னார். 2022-லிருந்து கார்டுக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர். அண்ணன் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

என் வேகனைப் பற்றிச் சொன்னேன். சிரிக்கவில்லை. “ஒரே ரேக்கா சேர்த்துச் சுத்த விட்டிருந்தாங்கன்னா திரும்பி வரும். பிரிச்சுட்டாங்கன்னா எந்த ஊர் போச்சோ. நம்பரைச் சொல்லுங்க.” உள்ளங்கையில் பேனாவால் 3846 என்று எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சி ஷிஃப்ட். இரவு மூன்று மணிக்கு லேப் இன்டர்காம் அடித்தது. சூளைக் கன்ட்ரோல் ரூம் என்று நினைத்து எடுத்தேன். “தம்பி, உங்க ஆள் வந்திருக்கான். டிப்ளருக்கு இன்னும் ஆறு வேகன் இருக்கு” என்றார் அண்ணன்.

சாம்பிள் பையை எடுத்துக்கொண்டு போனேன், எப்படியும் எடுக்க வேண்டியதுதான். டிப்ளர் கேபின் இருப்பது மேட்டுக்கு எதிர்ப்பக்கம். வேகன்களின் மறுபக்கம்தான் அங்கே தெரியும். சோடியம் விளக்கில் எல்லாமே மஞ்சளும் கருப்புமாக இருந்தது. அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்பவர் 1955-லிருந்து 1960 வரை இரவு ரயில்களை எடுப்பதற்கென்றே வரிசை வரிசையாக ஃப்ளாஷ் பல்பு கட்டினாராம். என் கேமரா கேட் லாக்கரில் இருந்தது. அண்ணன் கையில் ஒரு டார்ச், அவ்வளவுதான்.

மேடைக்கு வெளியே காத்திருக்கும்போது வேலியை விட்டு விலகாமல் அண்ணன் டார்ச்சை அடித்தார். எண்மேல் கரித்தூசி அப்பியிருந்தது. முதலில் 22 தெரிந்தது, அப்புறம் 07, 12. டார்ச் மெதுவாக நகர்ந்து 3846-க்கு வந்தது. அதற்கப்புறம் ஒரு இலக்கம், மேல்பாதி தூசிக்குள், கீழே வயிறு வளைந்து. மூன்றாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம்.

“எட்டு மாதிரி இருக்கு” என்றார்.

அதற்குள் வேகன் மேடைக்குள் போய்விட்டது. கிளாம்ப் இறங்கியது. கவிழ்ந்து, கொட்டி, நிமிர்ந்தது. தண்ணீர்ச் சாரல் பக்கவாட்டில் கோடு கோடாக வழிந்தது. வெளியே தள்ளும்போது அண்ணன் மறுபடியும் டார்ச் அடித்தார். வெள்ளை பெயின்ட் ஈரத்தில் பளிச்சென்று இருந்தது. மேலே ஒரு படுக்கைக் கோடு, இடதுபக்கம் ஒரு சின்ன நெட்டுக்கோடு, கீழே வயிறு.

“அஞ்சு” என்றார். டார்ச்சை அணைத்துவிட்டு, அடுத்த வேகனுக்குச் சைகை காட்டப் போய்விட்டார்.

சாம்பிளை எடுத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன். சாம்பல் 34 சதவீதம் வந்தது. ஐந்தே முக்காலுக்குக் காலி ரேக் கிளம்பிய சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது, நல்ல வெளிச்சம். டக் டக் ஒன்றும் இல்லை.