தேக்கடி ஏரிக்கரையில் ஐப்பசி மழை

1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீரில் மூழ்கிய காட்டின் மரங்கள், நூற்றாண்டு கடந்த பின்னும் கரிய அடிமரங்களாகத் தேக்கடி ஏரியில் நிற்கின்றன. அவற்றின் மீது நீர்க்காகங்கள் அமர்ந்திருந்த கரையொன்றில்தான், ஐப்பசி மழையில் நாங்கள் கூடாரம் அமைத்தோம். பெரியாறு புலிகள் காப்பகத்தில் விரும்பிய இடத்தில் தங்க முடியாது. வனத்துறையின் அனுமதியோடு, வழிகாட்டிகளும் துப்பாக்கி ஏந்திய வனக்காவலரும் உடன்வரச் செல்ல வேண்டும். ஒரு காலத்தில் இதே காட்டில் வேட்டையாடியும் பட்டை உரித்துக் கடத்தியும் பிழைத்தவர்களை வழிகாட்டிகளாக்கியது, நான் அறிந்த வனப் பாதுகாப்பு முயற்சிகளுள் மிகவும் அறிவார்ந்தது. யானைத் தடத்திலிருந்து விலகிய, நீர் தேங்காத மேட்டை அவர்கள் பார்த்தவுடனே தேர்ந்தார்கள்.

புலியைவிட அட்டைக்கே அதிகம் அஞ்சினோம். முழங்கால்வரை நெருக்கமாக நெய்த காலுறை அணிந்து, மேலே மூக்குப்பொடி தூவிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. அடைமழையோ பொடியைக் கழுவிவிடும். கடித்த அட்டையை வெடுக்கெனப் பிடுங்காமல் நகத்தால் மெல்ல நெம்பி எடுக்க வேண்டும். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது என்பதால் காயம் சிறிது நேரம் கசியும், அவ்வளவே.

விடியும்வரை மழை ஓயவில்லை. இந்நீர்தான் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தேனிக்கும் மதுரைக்கும் வருகிறது என்பதால், நனைந்த போர்வையைப் பற்றிக் குறைகூற மதுரைக்காரனான எனக்கு மனம் வரவில்லை.