எண்பது சங்கிலி ஒரு கட்டை

100 கண்ணி ஒரு சங்கிலி, 10 சங்கிலி ஒரு பர்லாங், 8 பர்லாங் ஒரு மைல். ஒன்பதாம் வகுப்பில் இதைப் பாடமாக்குவோம். சோதனை முடிந்ததும் மறந்துபோகும்.

ஒரு நாள் எங்கள் கணித ஆசிரியர், காணி அளக்கிற தெரிந்த சேவையர் ஒருவரிடம் பழைய சங்கிலி ஒன்றை இரவல் வாங்கி, சைக்கிள் கரியரில் சாக்கால் சுற்றிக் கொண்டுவந்தார். வகுப்பே மைதானத்துக்குப் போனது. நீட்டுக் கம்பிக் கண்ணிகள், நடுவே வளையங்கள், இரு முனையிலும் பித்தளைப் பிடி. பத்துக் கண்ணிக்கு ஒரு பித்தளைத் துண்டு தொங்கும். முதல் துண்டில் ஒரு பல், அடுத்ததில் இரண்டு, நாற்பதில் நான்கு, ஐம்பதில் மட்டும் வட்டம். அப்புறம் நான்கு, மூன்று என்று இறங்கும். எந்த முனையிலிருந்து எண்ணினாலும் கணக்குச் சரி. அந்தப் பற்களை விரலால் தடவித் தடவிப் பார்த்தேன்.

பிட்சில் ஒரு விக்கெட்டடியில் என்னைப் பிடியோடு நிறுத்தினார். சங்கிலியை இழுத்தபோது மற்றப் பிடி எதிர் விக்கெட்டில் மட்டுமட்டாகப் போய் நின்றது.

"22 யார், 66 அடி. இதுதான் தம்பி ஒரு சங்கிலி. இப்படி 80 பிட்சை நேராக வைச்சால் ஒரு கட்டை. விளங்கிச்சோ?"

மைலை நாங்கள் கட்டை என்றுதானே சொல்வோம். அன்றுதான் அது எனக்கு நடக்கிற தூரமாகப் பட்டது.

பிறகு மதில் ஓரமாக அளந்தோம். முன்னே போகிறவர் கையில் பத்து இரும்புக் கம்பி. ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் ஒன்றைக் குத்துவார். பின்னே வருகிறவர் பிடுங்கிச் சேர்ப்பார். பத்தும் பின்னவர் கைக்கு வந்தால் ஒரு பர்லாங். 1620 அளவில் இங்கிலாந்தின் எட்மண்ட் கன்டர் அமைத்த சங்கிலி இது. 10 சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர், அதாவது எங்கள் ஊர்க் காணிக் கணக்கில் 16 பரப்பு. நூறாகப் பிரித்ததால் ஏக்கர்க் கணக்கு தசமத்திலேயே முடிந்துவிடுகிறது. என்ன அருமையான யோசனை!

இங்கே இங்கிலாந்தில் ரயில் பாலங்களில் இன்றும் மைலும் சங்கிலியும் எழுதியிருக்கும். நான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு பாலத்தில் 9 மைல், 32 சங்கிலி. 32ஐ 80ஆல் பிரித்தால் 0.4, ஆக 9.4 மைல். ஆனால் மனம் அப்படிப் பிரிப்பதில்லை. மூன்று தரம் பத்துக் கம்பி, அதற்கு மேல் இரண்டு பிட்ச்.